நெருப்பு வெளியே, ஒளி உள்ளே: பாய்மரப் போர்க்கப்பலுக்கு விளக்கேற்றுவோம்



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். 250 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மரக்கப்பலின் அடிப்பகுதியில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் அறை கடல்நீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சன்னல் இல்லை. சுற்றிலும் பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து. அந்த மருந்தை அளந்து, பீரங்கிக்கான பைகளில் நிரப்புவதுதான் உங்கள் வேலை. வெளிச்சம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால், மின்விளக்கு அப்போது இன்னும் பிறக்கவில்லை. இருப்பதெல்லாம் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தான். ஒரு தீப்பொறி விழுந்தாலும் கப்பல் மிஞ்சாது. என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் மாதிரிக் கப்பலைக் கெடுத்த பிறகுதான் முழுமையாக விளங்கியது. அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். படிவம் 4, 5 மாணவர்கள் படிக்கும் ஒளியியலும் மின்னியலும் இதில் வரும். கீழ்ப்படிவ மாணவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எந்தக் கப்பல்?

எங்கள் அறிவியல் கழகம் தேர்ந்தெடுத்தது பிரிட்டனின் எச்.எம்.எஸ். விக்டரி. 1759இல் சாத்தம் துறைமுகத்தில் கட்டத் தொடங்கி, 1765இல் நீரில் இறக்கினார்கள். ஏறத்தாழ 6,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டன. பெரும்பாலானவை ஓக் மரங்கள். மூன்று தளங்களில் வரிசையாகப் பீரங்கிகள். 1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கர் போரில் ஈடுபட்டபோது கப்பலில் 104 பீரங்கிகளும் 800க்கும் அதிகமான ஆள்களும் இருந்தனர். தளபதி நெல்சன் அன்று இந்தக் கப்பலில்தான் சுடப்பட்டார். நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த தளத்தில், கூண்டு விளக்குகளின் வெளிச்சத்தில், சில மணி நேரம் கழித்து உயிர் துறந்தார். விக்டரி இன்றும் போர்ட்ஸ்மத் நகரின் உலர் துறையில் நிற்கிறது. 1922 முதல் அதே இடம்தான்.

இக்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரிகள் பல அளவுகளில் கிடைக்கின்றன. 1/225, 1/180, 1/100 ஆகியவை பலருக்கும் தெரிந்த அளவுகள். உண்மைக் கப்பலின் பீரங்கித் தள நீளம் 56.7 மீட்டர். 1/225 மாதிரியில் அது 25 சென்டிமீட்டர். 1/100 மாதிரியில் 56.7 சென்டிமீட்டர். பெரிய மாதிரியில் பாகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். புதிதாகத் தொடங்குவோருக்குச் சிறியதே நல்லது.

எங்கள் முதல் கப்பல் கெட்ட கதை

ஆறு வாரங்கள் பள்ளி முடிந்ததும் உட்கார்ந்து கட்டினோம். உடலின் இரு பாதிகளுக்குள் எட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினோம். மேல்தளத்தை ஒட்டி மூடினோம். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, அறையை இருட்டாக்கிவிட்டு 9 வோல்ட் அடாப்டரைச் சொருகினோம்.

மூன்று விபரீதங்கள் நடந்தன. முதலாவது, கப்பலின் உடல் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்தது. பீரங்கித் துளைகளில் மட்டும் வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில், கப்பலே தீபாவளிக் காகிதக் கூண்டு போல் ஆனது. இரண்டாவது, வெளிச்சத்தின் நிறம். மெழுகுவத்தி எரியும் கப்பலாக அது இல்லை. மாமாக் கடைக் குழல்விளக்கு எரியும் கப்பலாக இருந்தது. இவ்விரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டோம். மூன்றாவதுக்குச் சிரிக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு விளக்குகள் அணைந்தன. கப்பலின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் இளகி, விரல் நுனி அளவுக்கு உள்ளே குழிந்தது. சரிசெய்ய வேண்டுமானால் ஒட்டிய தளத்தைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தபோது தளமும் உடைந்தது.

தவறு என்னுடையதுதான். மூடுவதற்கு முன் சோதிக்காமல் விட்டேன். ஆனால், அந்த மூன்று கோளாறுகளும் மூன்று நல்ல பாடங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடம் 1: கப்பல் ஏன் ஒளிர்ந்தது?

மாதிரிக் கப்பல்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உடலின் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பார்வைக்கு ஒளிபுகாப் பொருள் போல் தோன்றினாலும், வலுவான விளக்கை மறுபக்கம் வைத்தால் ஒரு பகுதி ஒளி ஊடுருவி வெளியே வரும். உங்கள் விரலுக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை வைத்தால் விரல் சிவப்பாகத் தெரிகிறதல்லவா? அதே கதைதான்.

தீர்வு எளிது. ஒட்டுவதற்கு முன் உடலின் உட்பக்கம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசுங்கள். கறுப்பு ஒளியை உட்கவரும். பாகங்கள் சேரும் விளிம்புகளையும் கவனியுங்கள். மயிரிழை இடைவெளி கூட இருட்டில் கோடாக மின்னும்.

ஆனால், ஒட்டவேண்டிய விளிம்பில் வண்ணம் படக்கூடாது. ஏன் தெரியுமா? பாலிஸ்டைரீனுக்கான சிறப்புப் பசை உண்மையில் பசையே அல்ல. அது ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் சற்றே கரைக்கிறது. இரு பக்கத்து நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு பாகம் ஒரே பாகமாகிவிடுகிறது. நடுவில் வண்ணம் இருந்தால் சங்கிலிகள் சந்திக்கவே முடியாது. இந்தப் பசையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

சூப்பர் குளூ வேறு வகை. அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது. நம் நாட்டு ஈரப்பதத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால், அதன் ஆவி கண்ணாடி போன்ற பாகங்களில் வெண்படலமாகப் படியும். கப்பலின் பின்புறச் சன்னல்களுக்கு வெள்ளைப் பசையே சிறந்தது.

பாடம் 2: மெழுகுவத்தியின் நிறமும் அளவும்

மெழுகுவத்திச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். நாங்கள் பொருத்திய குளிர்வெள்ளை எல்.இ.டி. சுமார் 6,000 கெல்வின். அதில் நீலம் அதிகம். 'வார்ம் ஒயிட்' எனப்படும் இளமஞ்சள் வகை 2,700 முதல் 3,000 கெல்வின் வரை இருக்கும். அதை வாங்கி, முனையில் ஒளிபுகும் ஆரஞ்சு வண்ணத்தை மெல்லியதாகப் பூசினால் சுடரின் நிறத்தை நெருங்கிவிடலாம். வண்ணம் மஞ்சள் ஒளியைப் 'போடுவதில்லை'. நீல ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது. வடிகட்டி எப்போதும் கழிக்கும், கூட்டாது.

நிறத்தைவிடச் சுவையானது பிரகாசத்தின் கணக்கு. ஓரிடத்தில் விழும் ஒளிர்வு, விளக்கின் ஒளிச்செறிவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். உண்மைக் கப்பலில் 2 மீட்டர் தள்ளி ஒரு மெழுகுவத்தி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேண்டெலாவை 2இன் வர்க்கமான 4ஆல் வகுத்தால் 0.25 லக்ஸ். 1/100 மாதிரியில் அந்த 2 மீட்டர் 2 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே 0.25 லக்ஸ் கிடைக்க விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும்? 0.02 மீட்டரின் வர்க்கம் 0.0004. அதை 0.25ஆல் பெருக்கினால் 0.0001 கேண்டெலா. அதாவது மெழுகுவத்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

நாங்கள் பொருத்திய எல்.இ.டி. நேர்முகமாகப் பார்த்தால் ஒரு மெழுகுவத்தியைவிடப் பிரகாசமானது. மெழுகுவத்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதுமான இடத்தில் அதை வைத்தால் குழல்விளக்காகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? கண்காட்சி அறையில் ஓரளவு வெளிச்சம் இருக்கும் என்பதால் கணக்குப்படி அவ்வளவு மங்கலாக்கத் தேவையில்லை. ஆனால், 'இன்னும் குறை, இன்னும் குறை' என்பதே சரியான திசை.

பாடம் 3: பிளாஸ்டிக் ஏன் இளகியது?

எல்.இ.டி.யைக் குறை சொல்லாதீர்கள், குற்றவாளி மின்தடையம். எல்.இ.டி. ஓம் விதிக்கு உட்படாத கருவி. சுமார் 3 வோல்ட் வரை மின்னோட்டம் மிகக் குறைவு. அதைத் தாண்டியதும் மளமளவென்று ஏறும். ஆகவே, ஒரு மின்தடையத்தைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு எல்.இ.டி.க்குக் கணக்கு இப்படி: 9 வோல்ட்டில் எல்.இ.டி. 3 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 6 வோல்ட் மின்தடையத்துக்கு. 20 மில்லியாம்பியர் தேவையென்றால், 6 ÷ 0.02 = 300 ஓம்.

நாங்கள் என்ன செய்தோம்? வேலையை மிச்சப்படுத்த, எட்டு விளக்குகளையும் பக்க இணைப்பில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு மின்தடையம் வைத்தோம். அதன் வழியே சென்றது 8 × 20 = 160 மில்லியாம்பியர். அதில் விரயமான மின்திறன் 6 × 0.16 = 0.96 வாட். ஆனால், அது கால் வாட் தாங்கும் மின்தடையம்! நான்கு மடங்குச் சுமை. பாலிஸ்டைரீன் சுமார் 100 செல்சியஸில் இளகும். சூடேறிய மின்தடையத்தைக் கப்பலின் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். வேறென்ன நடக்கும்?

மேலும், எட்டு எல்.இ.டி.களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே எரியத் தொடங்குவது அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். அது கருகி அணைந்ததும் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். எனவே, பக்க இணைப்பில் ஒவ்வொரு கிளைக்கும் தனி மின்தடையம் கட்டாயம்.

சரியான வடிவமைப்பு இதோ. இரண்டிரண்டு எல்.இ.டி.களைத் தொடராக இணையுங்கள். அவை 6 வோல்ட் எடுக்கும், மீதி 3 வோல்ட். மங்கலான ஒளிதானே வேண்டும்? 3 மில்லியாம்பியர் போதும். 3 ÷ 0.003 = 1,000 ஓம். இது எந்த மின்னணுப் பொருள் கடையிலும் கிடைக்கும் மதிப்பு. இப்படி நான்கு கிளைகள். மொத்த மின்னோட்டம் 12 மில்லியாம்பியர். மொத்த மின்திறன் 0.11 வாட்டுக்கும் குறைவு. ஒரு மெழுகுவத்தி வெளியிடுவது சுமார் 80 வாட்!

மின்கலனும் நீடிக்கும். 9 வோல்ட் அல்கலைன் மின்கலனின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லியாம்பியர் மணி. 500 ÷ 12 என்றால் சுமார் 40 மணி நேரம். அதே நான்கு கிளைகளில் 20 மில்லியாம்பியர் ஓட விட்டிருந்தால் 6 மணி நேரம்கூட நம்ப முடியாது.

ஒரு மாணவியின் கேள்வி

இரண்டாவது கப்பலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். படிவம் 3 மாணவி ஒருவர் கை உயர்த்தினார். "டீச்சர், எல்.இ.டி. ஏன் கப்பலுக்குள்ள இருக்கணும்? கீழே ஸ்டாண்டுல வச்சிட்டு, வெளிச்சத்தை மட்டும் மேலே அனுப்ப முடியாதா?"

முடியும். ஒளியிழை அதற்குத்தான் இருக்கிறது. அக்ரிலிக் ஒளியிழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. அதைவிடப் பெரிய கோணத்தில் சுவரில் படும் ஒளி வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து, மோதி மோதி மறுமுனைக்கு வந்து சேரும். நுனி ஒரு புள்ளிச் சுடராக மின்னும். 0.5 மில்லிமீட்டர் இழையின் நுனி, 1/100 அளவில் 5 சென்டிமீட்டர் சுடருக்குச் சமம். கூண்டு விளக்குக்கு அது பொருத்தமான அளவு.

கப்பலைத் தாங்கும் இரண்டு தூண்களைப் பித்தளைக் குழாயாக வைத்தோம். 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் இப்படிப்பட்ட இழைகள் முப்பதாவது நுழையும். எல்.இ.டி., மின்தடையம், மின்கலன் மூன்றும் மரப்பீடத்துக்குள். கப்பலுக்குள் போனது ஒளி மட்டுமே. எந்த விளக்கு அணைந்தாலும் பீடத்தைத் திறந்து மாற்றிவிடலாம்; கப்பலைத் தொடவே வேண்டாம்.

சில எச்சரிக்கைகள்: இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள். மடங்கும் இடத்தில் படுகோணம் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே இறங்கி ஒளி கசியும். சூப்பர் குளூ பட்டால் இழை நொறுங்கிப்போகும். வெள்ளைப் பசையே போதும். இழை வழியே வரும் ஒளி மிக மங்கலாகத் தெரிந்தால் 1,000 ஓமுக்குப் பதில் 470 ஓம் போட்டுப் பாருங்கள். மிக முக்கியமாக, தளத்தை ஒட்டுவதற்கு முன் முழு இருட்டில் ஒரு மணி நேரமாவது எரியவிட்டுச் சோதியுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொடும் எந்த இணைப்பையும் செய்யாதீர்கள்.

இப்போது பதில்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வெடிமருந்து அறைக்கு எப்படி வெளிச்சம் கொடுத்தார்கள்?

வெடிமருந்து அறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிறிய அறை கட்டினார்கள். அதன் பெயர் விளக்கறை. இரண்டுக்கும் நடுவில் சுவர். சுவரில் கனமான கண்ணாடி பதித்த சன்னல். விளக்கு விளக்கறையில் எரியும். அதன் ஒளி கண்ணாடி வழியே வெடிமருந்து அறைக்குள் விழும். விளக்கறைக்குச் செல்லும் வழியும் தனி. விளக்கை ஏற்றுபவர் வெடிமருந்து அறைக்குள் கால் வைக்காமலே வந்து போகலாம். உள்ளே வேலை செய்பவர்கள் பொறி பறக்காத மென்மையான செருப்பு அணிந்தார்கள். போர் தொடங்குமுன் சமையல் அடுப்பை அணைத்தார்கள். வெடிமருந்து கொண்டுசெல்லும் வழிகளில் நனைத்த கனத்த கம்பளித் திரைகளைத் தொங்கவிட்டார்கள்.

இத்தனை கவனம் ஏன்? 1798 ஆகஸ்ட் 1 இரவு, நைல் போரில் பிரெஞ்சுக் கடற்படையின் தலைமைக் கப்பலான லோரியான் தீப்பிடித்தது. தீ வெடிமருந்து அறையை எட்டியதும் கப்பலே வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவ்வளவு பெரிய கப்பல் கணப்பொழுதில் இல்லாமல் போனது.

விளக்கறையைப் பற்றி என் மாணவிக்கு அப்போது எதுவும் தெரியாது. ஆனால், அவர் கேட்டதும் அந்தக் காலக் கப்பற்பொறியாளர்கள் கண்டதும் ஒரே சிந்தனை: ஒளி வேண்டிய இடமும் ஒளி பிறக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. சுடர் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்தே தருகிறது. கண்ணாடி ஒளியை விடுகிறது, பொறியைத் தடுக்கிறது. ஒளியிழையும் அதையே செய்கிறது. உடலுக்குள் பார்க்கும் மருத்துவரின் உள்நோக்குக் கருவியிலும் இதே முறை உண்டு: விளக்கு வெளியே, ஒளி மட்டும் இழை வழியே உள்ளே.

இரண்டாவது கப்பல் இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் நிற்கிறது. பின்புறத்தில் மூன்று பெரிய விளக்குகளும், சன்னல்களில் இளமஞ்சள் ஒளியும் தெரிகின்றன. முதல் கப்பலின் குழிந்த துண்டை அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். புதிய மாணவர்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

செய்து பாருங்கள்

கப்பல் வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு காலணிப் பெட்டியின் உட்பக்கத்தில் கறுப்பு வண்ணம் பூசுங்கள். பக்கச் சுவரில் வரிசையாகச் சிறு சதுரங்கள் வெட்டுங்கள். அவைதான் பீரங்கித் துளைகள். உள்ளே ஓர் எல்.இ.டி., ஒரு 9 வோல்ட் மின்கலன். முதலில் 330 ஓம், பிறகு 1,000 ஓம், பிறகு 3,300 ஓம் மின்தடையத்தை மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்கு. மின்தடையம் இல்லாமல் ஒருபோதும் இணைக்காதீர்கள். இருட்டறையில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். எது மெழுகுவத்தி எரியும் கப்பல்போல் தோன்றுகிறது?

சிந்தியுங்கள்

1. 9 வோல்ட் மின்கலனில் மூன்று வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்தால் மின்தடையத்துக்கு எத்தனை வோல்ட் மிஞ்சும்? அந்த இணைப்பு ஏன் நம்பகமானதல்ல?

2. விக்டரியின் எடை சுமார் 3,500 டன். 1/100 மாதிரி உண்மைக் கப்பலைப் போலவே நீரில் அமிழ வேண்டுமானால் அதன் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? (குறிப்பு: நீளம் 100 மடங்கு குறைந்தால் கன அளவு எத்தனை மடங்கு குறையும்?)

3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ, ஒளி பிறக்கும் இடமும் ஒளி பயன்படும் இடமும் வேறு வேறாக உள்ள ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். ஏன் அப்படி அமைத்திருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லை. விடையை எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை சுற்றிலும் நன்றாகப் பாருங்கள்.